ஏழு ஊர்க்காரர்களின் வசனம்

சூசையாபட்டி மாதா கோவிலில், பூசைப் பாத்திரங்கள் வைக்கிற அறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்துச் சாமான்களெல்லாம் அதில்தான். பன்னிரண்டு அட்டைத் தலைக்கவசம், ஆறு ஈட்டி, பிலாத்துவின் நாற்காலிக்குப் போர்த்தும் பட்டுத்துணி, இயேசுவின் சிவப்பு அங்கி, யூதாசின் பச்சைத் துண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முன்னால் திறந்து, பிறகு அந்துருண்டை போட்டு மூடிவிடுவார்கள்.

இந்த வருஷம் பெட்டி செப்டம்பரிலேயே திறந்தது. மாதா திருவிழாவுக்குப் புது நாடகம் போடுகிறார்கள். எழுதியது ஆரோக்கியமுத்து.

ஆரோக்கியமுத்து விராலிமலை போகிற ரோட்டில் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை. இருபத்தியிரண்டு வருஷமாகப் பாஸ்காவை நடத்துகிறவர் அவர்தான். ஆனால் பாஸ்கா வசனம் அவர் எழுதியதல்ல. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. சொந்தமாக ஒரு நாடகம் எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதச் சொன்னவர் கோவிலின் பங்குச் சாமியார்.

"பராகுவேயிலேர்ந்து ஒரு சிஸ்டர் கான்வென்ட்டுக்கு வந்திருக்காங்க. திருவிழாவுக்கு அவங்கதான் விருந்தாளி. அவங்க ஊரைப் பத்தி ஒரு நாடகம் போட்டா எப்படி இருக்கும், முத்து?" என்று கேட்டு, ஒரு சின்னப் புத்தகத்தையும் கையில் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தை ஆரோக்கியமுத்து கடையிலேயே வைத்து மூன்று தடவை படித்தார். பக்கத்து ஆவூருக்குச் சேசு சபைச் சாமிமார்கள் வந்த அதே காலத்தில், அதே சபைச் சாமிமார்கள் உலகத்தின் மறுகோடியில் குவாரானி என்ற மக்களோடு இருந்திருக்கிறார்கள். அந்த மக்களை ஸ்பானியத் துரைமார்கள் பிடித்துக் காட்டில் மூட்டை சுமக்கவைத்தார்கள். அடிமை வியாபாரிகள் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாமிமார்களோடு சேர்ந்து குவாரானிகள் ஊர் கட்டினார்கள், கோவில் கட்டினார்கள், பருத்தி போட்டார்கள், வயலின் செய்து வாசித்தார்கள். கடைசியில் ஸ்பெயின் அரசர் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஏழு ஊர்களைப் போர்த்துகீசியருக்குக் கொடுத்துவிட்டார். தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள்.

எங்கோ பிறந்து இங்கே வந்து இருக்கிற அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்போது, தன் சனத்துக்கு இந்த ஊர் மரியாதை செய்தது என்று நினைக்க வேண்டும். அது ஒன்றுதான் ஆரோக்கியமுத்துவுக்கு ஆசை. ஜெபமாலை சொல்லும்போதும் அதையே கேட்டுக்கொண்டார்.

வேஷம் பிரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. ரோமானியத் தலைக்கவசம் போட்டவர்கள் ஸ்பானியச் சிப்பாய்கள். பிலாத்துவின் நாற்காலியில் தளபதி. சாமியாராக லியோன். லியோன் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறான். போன வருஷம் அங்கே படாத பாடு பட்டபோது, ஊருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தால் மாதா திருவிழா நாடகத்தில் நிற்பதாக நேர்ந்துகொண்டவன். லீவு போட்டு வந்திருக்கிறான். குரல் நல்ல குரல். அவனுக்காகவே ஆரோக்கியமுத்து பன்னிரண்டு நிமிஷத்துக்கு வசனம் எழுதியிருந்தார். சாமியார் குவாரானிகளுக்காகத் தளபதியிடம் மன்றாடுகிற வசனம். லியோன் நான்கே நாளில் மனப்பாடம் செய்துவிட்டான்.

குவாரானித் தலைவனாக இருளாண்டி. ஆடு வளர்க்கிறவர். வேறு சாமி கும்பிடுகிறவர்தான். ஆனால் இருபது வருஷமாகப் பாஸ்காவில் சிலுவையைத் தூக்க உதவுகிற சீமோன் அவர்தான். அந்தத் தேக்குச் சிலுவையை வேறு யாராலும் தூக்க முடியாது.

"அண்ணே, இதுலயாச்சும் எனக்கு வசனம் உண்டா?" என்று முதல் நாளே கேட்டார் இருளாண்டி.

"நீ அழணும் இருளாண்டி. மண்டி போட்டு அழணும். அதுதான் நாடகத்துக்கே உயிரு."

"சரிதான். அங்கிட்டு சுமக்குறேன், இங்கிட்டு அழுவுறேன்," என்று சொல்லிவிட்டு இருளாண்டி பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "எம்பொண்டாட்டி சுகுணா கேட்டா. இருவது வருசமா மரத்தைத் தூக்குறீங்களே, அந்த மனுசங்க ஒங்கள ஒத்த வார்த்த பேச விட்டாங்களான்னு."

எல்லாரும் சிரித்தார்கள். ஆரோக்கியமுத்துவும் சிரித்தார்.

வியாழக்கிழமை மாலை ஒத்திகைக்கு சிஸ்டர் ரமோனா வந்தார். நாற்பது வயது இருக்கும். மாநிறம், அகலமான முகம், சின்னக் கண். இந்தியாவுக்கு வந்த ஒன்றரை வருஷத்தில் தமிழ் நன்றாகவே பேசக் கற்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்க், ஒரு பை. பைக்குள்ளிருந்து மாட்டுக்கொம்பில் செய்த குவளை ஒன்றை எடுத்தார். அதில் முக்கால்வாசிக்குக் காய்ந்த பச்சை இலைத்தூள், நடுவில் ஒரு வெள்ளிக் குழல். பிளாஸ்க்கிலிருந்து ஐஸ் தண்ணீரை ஊற்றினார்.

"எங்க ஊர்ல வேலைக்கு நடுவுல இதைத்தான் குடிப்போம். தெரெரேன்னு பேரு, யெர்பா இலையில போடுறது. எல்லாரும் ஒரே குவளை," என்று முதலில் ஆரோக்கியமுத்துவிடம் நீட்டினார்.

ஆரோக்கியமுத்து குவளையைப் பார்த்தார். ஒரே குவளை, ஒரே குழல், பதினைந்து பேர். வேண்டாம் என்றால் விருந்தாளி மனசு நோகும். வாய் வைத்தால் எச்சில். தன் எச்சிலை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது? சின்ன வயதிலிருந்து செம்புத் தண்ணீரை உதடு படாமல் குடித்தே பழகியவர். யோசித்தார். ஒரு வழி தெரிந்தது. குவளையை இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாகத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, வாய்க்குள் ஊற்றினார்.

தண்ணீரோடு இலையும் வந்தது. குழல் வந்து மூக்கில் இடித்தது. கண், மீசை, வெள்ளைச் சட்டை எல்லாம் பச்சை.

"அண்ணே, வேஷம் இப்பவே போட்டாச்சா?" என்றார் இருளாண்டி.

சிஸ்டர் ரமோனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பொத்தியும் அடங்கவில்லை. தன் கைக்குட்டையைக் கொடுத்தார். மறுபடி இலை நிரப்பி, குழலில் எப்படி உறிஞ்சுவது என்று தானே குடித்துக் காட்டிவிட்டு நீட்டினார். ஆரோக்கியமுத்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார். கசப்பு. ஆனால் குளிர்ச்சி நெஞ்சு வரை இறங்கியது. "நன்றி சிஸ்டர்," என்று குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு ஒத்திகை நடந்தது. சிப்பாய்கள் வந்தார்கள், தளபதி ஓலை வாசித்தான், லியோன் பன்னிரண்டு நிமிஷமும் ஒரு சொல் பிசகாமல் முழங்கினான். இருளாண்டியும் அவருக்குப் பின்னால் எட்டுப் பேரும் மண்டி போட்டு அழுதார்கள். சிஸ்டர் கை தட்டினார். ஆனால் சிரித்த முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. குவளை மறுபடி சுற்றி வந்தது. இருளாண்டிக்கு இரண்டு தடவை, லியோனுக்கு மூன்று தடவை. ஆரோக்கியமுத்துவிடம் வரும்போது மட்டும் தாண்டிப் போயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் தாண்டிப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அற்புதமேரி சட்டையைப் பார்த்தாள். "என்னங்க இது, மாடு கக்குன மாதிரி?"

நடந்ததையெல்லாம் சொன்னார். "நாடகம் அந்தம்மாவுக்குப் பிடிக்கல, மேரி. எல்லாருக்கும் குடுத்தாங்க, எனக்கு மட்டும் குடுக்கல. நான் எழுதுனதுல என்னமோ தப்பு இருக்கு."

"தப்புன்னா அவங்ககிட்டப் போயிக் கேளுங்க. இங்க சோத்துத் தட்டுகிட்டக் கேட்டா அது என்ன சொல்லும்?"

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நேராகக் கான்வென்ட்டுக்குப் போனார். சிஸ்டர் ரமோனா தோட்டத்தில் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், என்மேல கோவமா? நேத்து எனக்கு மட்டும் குவளை வரலீங்களே."

சிஸ்டர் குழாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நீங்கதானே நன்றி சொன்னீங்க?"

"ஆமாங்க. மரியாதைக்குச் சொன்னேன்."

"எங்க ஊர்ல போதும்னாத்தான் நன்றி சொல்லணும். நன்றி சொன்னவங்களுக்கு அப்புறம் குடுக்கமாட்டோம். உங்களுக்கு வேண்டாம்னு நினைச்சேன், முத்து அண்ணா."

ஆரோக்கியமுத்துவுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் கிளம்ப மனசில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப நாடகம்? மறைக்காம சொல்லுங்க சிஸ்டர். இன்னும் ரெண்டு நாள் இருக்கு. திருத்திக்கலாம்."

சிஸ்டர் குழாயைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எங்க ஆளுங்க ஏன் பேசவே இல்ல?"

"அவங்களுக்காகத்தான் சாமியார் பேசுறாரே."

"நல்லாப் பேசினார். ஆனா அந்த ஏழு ஊர்க்காரங்களும் பேசினாங்க. கடிதம் எழுதினாங்க, அண்ணா. அவங்களே, அவங்க கையால, குவாரானியில. ஊர்ப் பெரியவங்க கூடி உட்கார்ந்து, ஊர் ஊரா எழுதி, கவர்னருக்கு அனுப்பினாங்க. அந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கு. எங்க அம்மா வீட்டுல பேசுற பாஷை அது. நான் படிச்சா எனக்குப் புரியும்."

ஆரோக்கியமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர்களுக்கு எழுதத் தெரியும் என்றே அவர் நினைத்துப் பார்த்ததில்லை. புத்தகத்தில் சாமிமார்கள் பெயர் மட்டும் இருந்தது. அவர் எழுதியதிலும் சாமியார் மட்டுமே பேசினார்.

"என்ன எழுதுனாங்க?"

"இது கடவுள் எங்களுக்குக் குடுத்த மண். கோவிலை எங்க கையால கட்டினோம். பருத்தி போட்டோம், யெர்பாச் செடி நட்டோம். எங்க தாத்தாமார் மூட்டை மூட்டையாச் சுமந்து, காட்டுல விழுந்து செத்தாங்களே, அந்த இலைதான். இப்ப எங்களுக்காக நாங்களே வளர்த்தோம். நாங்க ஒரு தப்பும் செய்யல. அரசர் இப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். இந்த மாதிரி எழுதினாங்க."

"கேட்டாங்களா?"

"கேக்கல. சண்டை வந்தது. ரொம்பப் பேர் செத்தாங்க. கொஞ்ச வருஷத்துல சாமிமார்களையும் நாட்டை விட்டே அனுப்பிட்டாங்க. ஆனா பாஷை போகல. ஜெபம் போகல. நான் இங்க நிக்கிறேனே," என்று சொல்லிச் சிஸ்டர் சிரித்தார்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்து ஆரோக்கியமுத்து அந்தக் கடிதத்தை, அரசருக்கே எழுதியதாக மாற்றி, தன் தமிழில் எழுதினார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. தேர் ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். நாடகம் அரைமணி நேரம்தான். கடிதம் வந்தால் லியோனின் வசனம் போக வேண்டும். கடல் தாண்டி நேர்த்திக்கடன் தீர்க்க வந்த பிள்ளையிடம், உன் வசனத்தை வெட்டிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால், ஊர் ஊராகக் கடிதம் எழுதிய சனத்தை அவர்கள் பிள்ளையான சிஸ்டரின் கண் முன்னாலேயே ஊமையாக்க வேண்டும்.

மாதா படத்தைப் பார்த்து ஒரு அருள்நிறை ஜெபம் சொல்லிவிட்டு லியோன் வீட்டுக்குப் போனார். லியோன் கண்ணாடி முன் நின்று கையை உயர்த்திப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. அந்த 'மனச்சாட்சி இல்லையா'ங்கிற எடத்துல கையை இப்படி வைக்கவா, அப்படி வைக்கவா?"

ஆரோக்கியமுத்து தாளை நீட்டினார். லியோன் நின்றபடியே படித்தான். பாதியில் உட்கார்ந்தான். தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்ன வரியை மறுபடி படித்தான்.

"மாமா, எங்க கேம்ப்லயும் இதேதான் சொன்னாங்க. கையில எடுக்கிறத எடுத்துக்க, சாயங்காலத்துக்குள்ள எடத்தைக் காலி பண்ணுன்னு. நாப்பது பேரு, தெருவுல நின்னோம். எங்களுக்காகப் பேச ஒருத்தரு வந்தாரு. நல்ல மனுசன்தான். ஆபீஸ்ல உக்காந்து அரைமணி நேரம் பேசுனாரு. நாங்க சொன்னதைத் தவிர மத்த எல்லாத்தையும் பேசுனாரு."

தாளைத் திருப்பிப் பார்த்தான். "இதை யாரு பேசுறது?"

"இருளாண்டி. ஆனா ஒன் வசனம்..."

"எடுத்துருங்க."

"நேந்துக்கிட்டு வந்தியேப்பா."

"மாதா முன்னால நிக்கிறேன்னுதான் நேந்துக்கிட்டேன், மாமா. பேசுறேன்னு நேரல. நிக்கிறேன்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தான். "நாலு நாளு பாடுபட்டுப் படிச்சது, அதான் ஒரு மாதிரி இருக்கு. பரவால்ல. கிரேன் ஓட்டும்போது சொல்லிக்கிறேன்."

இருளாண்டிக்குச் செய்தி போனபோது அவர் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். முதலில் நம்பவில்லை. பிறகு பயந்துபோனார். "அண்ணே, ரெண்டு பக்கமா? ரெண்டு வரி போதும்ணே எனக்கு." இரண்டு நாளும் ஆடு மேய்க்கும்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார். 'மாட்சிமை பொருந்திய பேரரசருக்கு' என்ற முதல் வரியிலேயே நாக்கு சுற்றிக்கொண்டது. லியோன்தான் காட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தான். தாளின் ஓரத்தை ஒரு ஆடு தின்றுவிட்டதாகவும் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணி. கோவில் முற்றம் நிறைந்திருந்தது. தேர் பூ அலங்காரத்தோடு ஓரமாக நின்றது. முன்வரிசையில் சிஸ்டர் ரமோனா. அவருக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே சீக்கிரம் வந்து இடம் பிடித்த சுகுணா. மேடையில் குடிக்கிற பாத்திரமாக வைப்பதற்குச் சிஸ்டர் தன் கொம்புக் குவளையையே கொடுத்திருந்தார். அதில் இலையும் தண்ணீரும் இருந்தன.

தளபதி ஓலை வாசித்தான். ஏழு ஊரும் காலி செய்ய வேண்டும். சாமியார் வேஷத்தில் லியோன் தலை குனிந்து நின்றான். இருளாண்டி மைக் முன்னால் வந்தார்.

"மாட்சிமை... மாட்சிமை பொருந்திய..."

நின்றுவிட்டது. கூட்டத்தைப் பார்த்தார். சுகுணாவைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தட்டி மறைவில் நின்ற ஆரோக்கியமுத்து லியோன் பக்கம் திரும்பினார். லியோனுக்கு அந்த வசனம் முழுதும் தெரியும். அவன் வாயைத் திறந்தால் போதும், காரியம் நடந்துவிடும். லியோன், எடுத்துச் சொல்லிவிடு என்று கையால் சைகை காட்டினார்.

லியோன் அவரைப் பார்த்தான். சொல்லவில்லை. மெல்ல நடந்துபோய்க் குவளையை எடுத்தான். தான் ஒரு வாய் உறிஞ்சினான். பிறகு அதை இருளாண்டியின் கையில் கொடுத்துவிட்டு, அவர் காலடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்பதற்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி முகத்தை நிமிர்த்திப் பார்த்தான்.

கூட்டத்தில் சிரிப்பு அடங்கியது. இருளாண்டி குழலில் வாய் வைத்துக் குடித்தார். அவசரப்படாமல் குடித்தார். குவளையை மார்போடு பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். தாளில் இருந்தது ஒன்றும் அவருக்கு நினைவு வரவில்லை. வந்தது அவருடைய பேச்சு.

"ராசா, ஒங்க ஓலை வந்துச்சுங்க. தூக்குறதைத் தூக்கிட்டுப் போன்னு எழுதியிருக்கீங்க. நானும் காலையிலேர்ந்து பாக்குறேன், எதைத் தூக்குறதுன்னு. இந்தக் கோவிலு, எங்க கையால வச்ச கல்லு. இதைத் தூக்க முடியுமா? எங்க ஆத்தாளப் பொதைச்ச எடம் அந்தா இருக்கு. அதைத் தூக்க முடியுமா? நான் எம்மாம் பெரிய மரத்தையும் தூக்குறவன், ராசா. இதைத் தூக்க முடியலீங்க. பருத்தி இன்னும் வெடிக்கல. நட்ட செடி இப்பத்தான் வேர் புடிக்குது. நாங்க ஒங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனோம்? நீங்க நல்லவரு. யாரோ ஒங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காக. இங்கிட்டு வந்து ஒருக்கா பாருங்க. வந்து எங்ககூட உக்காந்து ஒரு வா தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க போன்னு."

அவ்வளவுதான். குவாரானிகளாக மண்டி போட்டிருந்த எட்டுப் பேரும் யாரும் சொல்லாமலேயே எழுந்து, ஒவ்வொருவராக அந்தக் குவளையை வாங்கி ஒரு வாய் குடித்து அடுத்தவனுக்குக் கொடுத்தார்கள். ஒத்திகையில் அப்படி ஒன்று கிடையாது.

ஆரோக்கியமுத்து தட்டி இடுக்கு வழியாக முன்வரிசையைப் பார்த்தார். சிஸ்டர் ரமோனா அழுதுகொண்டிருந்தார். அவர் கையைச் சுகுணா தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை, மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேர் புறப்பட்டது. வெடி வெடித்தது. கோவிலைச் சுற்றி வந்து தேர் நிலைக்கு வருவதற்குள் எல்லாரும் வேஷம் கலைத்து, தகரப் பெட்டியை மூடி, வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். சிஸ்டர் புதிதாக இலை போட்டு பிளாஸ்க்கோடு வந்தார்.

"சிஸ்டர், மன்னிக்கணும். கடுதாசியில இருந்தது ஒண்ணுமே நான் சொல்லல. மறந்துபோச்சு," என்றார் இருளாண்டி.

"எல்லாம் சொன்னீங்க," என்றார் சிஸ்டர். "ஒண்ணுகூட விடல."

"கேட்டியா?" என்று இருளாண்டி சுகுணா பக்கம் திரும்பினார்.

"கேட்டேன், கேட்டேன். இனி வீட்டுல வாய மூடமாட்டீங்க," என்றாள் அவள். முகமெல்லாம் சந்தோஷம்.

குவளை சுற்றி வந்தது. சிஸ்டர், இருளாண்டி, சுகுணா, லியோன், அற்புதமேரி. அற்புதமேரி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, "வேப்பங்கொழுந்துக் கசாயத்துக்கு இது எவ்வளவோ மேல்," என்று ஆரோக்கியமுத்துவிடம் நீட்டினாள். அவர் குழலில் வாய் வைத்து, அடியில் தண்ணீர் சலசலக்கும் வரை உறிஞ்சினார். கசப்பு இன்று அவ்வளவாகத் தெரியவில்லை. குவளையைச் சிஸ்டரிடம் நீட்டும்போது நன்றி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் ரமோனா கவனித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பிளாஸ்க்கைச் சாய்த்துக் குவளையில் மறுபடி தண்ணீர் ஊற்றினார்.